லேப்டாப் கேட்ட பேர்

போன வருடம் ஆடி மாதம். இலுப்பூரிலிருந்து பஸ் ஏறி, நானும் சின்ன மகளும் புதுக்கோட்டையில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்குப் போனோம். கையில் மூத்தவளின் லேப்டாப். பள்ளிக்கூடத்தில் இலவசமாகக் கொடுத்தது. மூத்தவள் காய்ச்சலில் போய் அப்போது ஒரு வருடம் ஆகியிருந்தது.

சின்னவள் காலேஜ் சேர்ந்திருந்தாள். புதுசு வாங்க வழியில்லை, அதில்தான் படித்தாக வேண்டும். ஆன் செய்தால் உலை கொதித்துச் சோறு வடிக்கிற வரை சுற்றிக்கொண்டே இருக்கும்.

கடையில் ஒரு அம்மா இருந்தார். திறந்து பார்த்துவிட்டு, "அண்ணே, நீங்க என்ன வேலை?" என்றார்.

"லோடு ஆட்டோ ஓட்டுறேங்க."

"அதுல டிப்பர் லோடு ஏத்துவீங்களா?"

"அச்சு ஒடஞ்சுரும்."

"இதுலயும் அப்படித்தான் ஏத்தி வச்சிருக்கு. விண்டோசை எடுத்துட்டு லினக்ஸ் போட்டுருவோம். லேசானது."

அதிலும் இரண்டு தினுசு காட்டினார். ஒன்று பார்க்கப் பழையது மாதிரியே, ஆனால் கொஞ்சம் கனம். இன்னொன்று வெறிச்சென்று இருந்தது, தொட்டதும் திறந்தது.

"பழசு மாதிரி இருக்கதே போதுங்க. வீட்ல அம்மா தெனம் பாப்பாங்க" என்றாள் சின்னவள். அவள் அம்மா அந்த லேப்டாப்பைத் தினம் துடைத்து வைப்பாள்.

"படிக்க எது நல்லா ஓடும்?" என்று கேட்டேன். வெறிச்சென்று இருந்ததைக் காட்டினார். அதையே போடச் சொன்னேன்.

"உள்ள இருக்கதெல்லாம் அழிஞ்சுரும். எதும் வேணுமாண்ணே?"

மூத்தவளின் போட்டோக்களை முதலில் பென்டிரைவில் ஏற்றிக் கொடுத்தார். பிறகு வேலையை ஆரம்பித்தார். பாதியில் அது பேர் கேட்டது.

"என்ன பேர் போட?"

என் வாயில் மூத்தவள் பேர்தான் வந்தது. அந்தம்மா அடித்துவிட்டு, அதே பேரைச் சொல்லிச் சின்னவளைக் கூப்பிட்டு, என்ன படிக்கிறாய் என்று கேட்டார்.

"பி.காம். பர்ஸ்ட் இயர்க்கா" என்றாள். அது தன் பேர் இல்லை என்று சொல்லவில்லை. குனிந்துகொண்டாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வீட்டில் நானும் எத்தனையோ தடவை அந்தப் பேரைச் சொல்லி அவளைக் கூப்பிட்டிருக்கிறேன். இப்படித்தான் ஒன்றும் சொல்லாமல் வந்து நிற்பாள்.

"அது இவ பேர் இல்லங்க. மூத்த பொண்ணு பேரு. அவ இப்ப இல்ல" என்றேன். வெளியாளிடம் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அந்தம்மா கை நின்றது. "மாத்திரவாண்ணே?" என்றார்.

"அக்கா பேரே இருக்கட்டும்ப்பா." எனக்காகத்தான் சொன்னாள்.

"வேணாம்த்தா. நீதான தொறக்கப் போற." சின்னவள் பேரைச் சொன்னேன். மூத்தவள் பேரை அந்தம்மா அழித்தார். நான் ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

திரும்பும்போது பஸ்ஸில் சின்னவள் அழுதாள். நான் தடுக்கவில்லை.

போனவளையே நினைத்துக்கொண்டு, கூட இருப்பவளைக் காணாமல் இருந்துவிட்டேன். இப்போதும் என் வாய் முதலில் மூத்தவள் பேருக்குத்தான் போகிறது. நிறுத்தி, ஒரு மூச்சு விட்டு, இவள் பேரைச் சொல்கிறேன்.