நைனாவின் உதறுகிற போன்

என் பயத்துக்கு எங்கள் வீட்டில் தனி மரியாதை உண்டு. குக்கர் விசில் அடிக்கத் தாமதித்தால் நான் வாசலுக்குப் போய் நின்றுகொள்வேன். யாராவது "ஒரு விஷயம் சொல்லணும்" என்று இழுத்தால், அவர்கள் சொல்லி முடிப்பதற்குள் நான் மனசுக்குள் சுடுகாடு வரை போய்த் தலை முழுகிவிட்டு வந்திருப்பேன். இப்பேர்ப்பட்டவன் இடுப்பில்தான் பீன்யா தொழிற்பேட்டையில் நான் வேலை பார்த்த கம்பெனி ஒரு பேஜரை மாட்டிவிட்டது. மெஷின் ரிப்பேர் என் வேலை. எங்கே எந்த மெஷின் நின்றாலும் பேஜர் நடுங்கும். முதல் தடவை பஸ்ஸில் அது நடுங்கியபோது, ஏதோ பூச்சி ஏறிவிட்டது என்று என் இடுப்பில் நானே ஓங்கி அறைந்தேன். பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு இடம் தேடிக்கொண்டார்.

பேஜருக்குப் பிறகு செங்கல் மாதிரி ஒரு செல்போன். தலையில் கொம்பு போல ஆன்டெனா, பச்சை வெளிச்சத்தில் கறுப்பு எழுத்து. வந்த அழைப்பை எடுத்தாலும் காசு போகும் என்பதால், நம்பரைப் பார்த்துவிட்டு எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடுவேன். அந்தப் போனுக்குத் தானாக உதறத் தெரியாது. உதற வேண்டுமென்றால் எஸ்.பி. ரோட்டில் அதற்கென்று தனி பேட்டரி வாங்கிப் போட வேண்டும். மோட்டார் இருந்தது போனுக்குள் அல்ல, பேட்டரிக்குள். அதைப் போட்டு மேஜைமேல் வைத்தால், கால் வரும்போது போன் நண்டு மாதிரி நகர்ந்துபோய்க் கீழே விழும். விழுந்தால் போனுக்கு ஒன்றும் ஆகாது. தரைக்குத்தான் அடி.

நான் சின்னப் போனுக்கு மாறியபோது அந்தச் செங்கல் என் அப்பாவிடம் போனது. அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். தங்கவயல் சுரங்கத்தில் டிரில் பிடித்தவர். வெடிச் சத்தத்தில் காது போய்விட்டது. டிரில் பிடித்த கைகள் மரத்துவிட்டன. சுரங்கத்தை மூடிய பிறகும் ஊரை விட்டு வர மாட்டேன் என்று இருந்துகொண்டார். சனிக்கிழமை ரயிலேறி மர்பி டவுனில் இருக்கும் என் வீட்டுக்கு வருவார், ஞாயிற்றுக்கிழமை கறிச்சோறு சாப்பிட்டுவிட்டுத் திரும்புவார். கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் இருந்து ஸ்கூட்டரில் அழைத்து வருவது என் பொறுப்பு. அவரைத் தனியாக ரோட்டில் விடமாட்டேன். பின்னால் வரும் பஸ் எவ்வளவு ஹார்ன் அடித்தாலும் அவருக்குக் கேட்காது.

போனில் பேசினாலும் கேட்காது. "நான் நல்லா கீறேன், வெய்யி" என்று கத்திவிட்டு வைத்துவிடுவார். அதனால் எங்களுக்குள் மிஸ்டு கால் பாஷை. அதை ஏற்படுத்தியவரே அவர்தான். சுரங்கத்தில் ஆட்களை ஏற்றி இறக்குகிற கூண்டு, மணி அடிக்காமல் நகராதாம். மூன்று தரம் மணி அடித்தால் ஆள் ஏறியாச்சு என்று அர்த்தமாம். அதே மாதிரி, ரயிலை விட்டு இறங்கியதும் எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்துவிட்டு பிளாட்பாரத்து பெஞ்சில் உட்கார்ந்துகொள்வார். நான் ஸ்டேஷன் வாசலில் நின்று அடுத்தடுத்து மூன்று கொடுப்பேன். சட்டைப் பையில் போன் மூன்று தரம் உதறியதும் எழுந்து வெளியே வருவார். ரிங்டோனை நிறுத்தியே வைத்திருந்தோம். அது அடித்தால் பிளாட்பாரமே திரும்பிப் பார்க்கும், அவரைத் தவிர.

ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த இந்த ஏற்பாட்டுக்குள் என் பாசம் புகுந்தது. ஊரில் எல்லாப் பிள்ளைகளும் பழைய போனைத்தான் பெற்றவர்களிடம் தள்ளிவிடுகிறார்கள், நான் அப்படிப்பட்டவனா? தீபாவளி போனஸில் நைனாவுக்குப் புதுசாகவே வாங்கினேன். பிஸ்கட் கனம், கலர் திரை, முதுகில் கேமரா. உதறுகிற மோட்டார் உள்ளேயே இருந்தது, உளுந்து அளவுக்கு. நைனா அதை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வெய்ட்டே இல்லியேடா."

நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

அடுத்த சனிக்கிழமை அவருடைய மிஸ்டு கால் வந்தது. வாசலில் நின்று மூன்று கொடுத்தேன். ஆளைக் காணோம். இன்னொரு மூன்று கொடுத்தேன். ரயிலில் வந்த கூட்டம் முழுக்க வெளியே வந்து கலைந்தும் போயிற்று. இறங்கியவர் எங்கே போனார்? என் மனசுக்கு அது போதும். தனியாக நடந்து போய்விட்டார், பின்னால் பஸ் வருகிறது, ஹார்ன் அடிக்கிறது. ஆட்டோ ஸ்டாண்டில் ஒருவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு "ஏனாயித்து சார்?" என்று விசாரித்தார். எனக்கு வந்த கன்னடமும் அந்த நேரத்தில் வரவில்லை. வெள்ளைச் சட்டை, காது கேட்காது என்று தமிழிலேயே புலம்பினேன். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வீட்டு வழியெல்லாம் ஊர்ந்தேன். ஓர் இடத்தில் ரோட்டோரம் கும்பல். வண்டியை அப்படியே போட்டுவிட்டு ஆட்களை விலக்கிக்கொண்டு உள்ளே போனால், பானிபூரி. வரிசையில் வரச் சொன்னார்கள்.

இதற்குள் மனசுக்குள் ஷாமியானாவே போட்டாயிற்று. தங்கவயலுக்கு யார் தகவல் சொல்வது என்பதில்தான் சிக்கல். அழுதுகொண்டே மனைவிக்குப் போன் செய்தேன். அவள் முழுக்கக் கேட்டாள்.

"ஏங்க, உள்ள போய்ப் பாத்தீங்களா?"

"எதுக்குள்ள?"

"ஸ்டேஷனுக்குள்ளங்க."

பார்க்கவில்லை. ஊரெல்லாம் தேடியவன் அவர் இறங்கிய இடத்தை மட்டும் விட்டுவிட்டேன்.

திரும்பி ஓடினேன். பிளாட்பாரம் காலியாக இருந்தது. எப்போதும் உட்காருகிற பெஞ்சிலேயே நைனா இருந்தார். மடியில் பை. வலது கையை நெஞ்சில், சட்டைப் பைமேல் அழுத்தி வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, ரொம்பக் கவனமாக இருந்தார். கொஞ்சம் தள்ளி நின்று அவர் நம்பரை அழுத்தினேன். மெல்லிய வெள்ளைச் சட்டைக்குள், அவர் விரல்களுக்கு நடுவே நீல வெளிச்சம் எரிந்தது. கை அசையவில்லை. மறுபடியும் அழுத்தினேன். வெளிச்சம் எரிந்து அணைந்தது. இவ்வளவு நேரமும் நான் அவர் கைக்கு அடியிலேயே கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். அவரும் அங்கேயே காத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

போய்த் தோளைத் தொட்டேன். கண்ணைத் திறந்தார்.

"மணியே வர்ல. அதான் குந்திக்கினு இருந்தேன். நீ இன்னாத்துக்கு இப்டி வேர்த்துக் கொட்டிக்கினு கீற?"

வண்டி பஞ்சர், மணி அடிக்க நேரமாகிவிட்டது என்று உதட்டைப் பெரிதாக அசைத்துச் சொன்னேன். சரி என்று தலையாட்டினார். அன்றைக்கு அவருக்கு அந்தப் போனை எடுத்து எத்தனை மிஸ்டு கால் என்று பார்க்கத் தெரியாதது என் அதிர்ஷ்டம்.

புதுசு கொடுத்தபோது நான் திரும்ப வாங்கி வைத்த செங்கலின் பேட்டரி அதற்குள் செத்திருந்தது; அந்த வாரம் எஸ்.பி. ரோட்டில் கடை கடையாக ஏறினேன். பழைய செங்கலுக்கு உதறுகிற பேட்டரி கேட்டால், மியூசியத்துக்கா என்றார்கள். கடைசியில் ஒரு கடைக்காரர் பரண்மேல் இருந்து தூசியோடு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். நைனாவிடம், எனக்குக் கேமரா போன் மேல் ஆசை வந்துவிட்டது, மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. செங்கலைப் பையில் போட்டதும் சட்டை ஒரு பக்கம் தொங்கியது. அதைத் தட்டிப் பார்த்துக்கொண்டார்.

அடுத்த சனிக்கிழமை அவருக்குத் தெரியாமல் பிளாட்பாரம் டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போய், ஒரு தூணுக்குப் பின்னால் திருடன் மாதிரி நின்றேன். முதல் தடவை நம்பரை அழுத்தியதுமே நைனாவின் கை நெஞ்சுக்குப் போயிற்று. இரண்டாவதுக்குப் பையை எடுத்தார். மூன்றாவதுக்கு எழுந்துவிட்டார். அவருக்கு முன்னால் வாசலுக்கு ஓடிப்போய், ரொம்ப நேரமாக நிற்கிறவன் போல ஸ்கூட்டரில் சாய்ந்துகொண்டேன்.

"மூச்சு வாங்குதே, இன்னாடா?"

"வண்டியத் தள்ளிக்கினு வந்தேன் நைனா."

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பின்னால் ஏறி, காலை வாகாக வைத்துக்கொண்டு, என் தோளில் மூன்று தரம் தட்டினார்.

வண்டியை எடுத்தேன்.