புன்னையிலிருந்து இருபத்துமூன்று தப்படி

வெள்ளாயணிக் காயலின் கரையில், பழைய தென்னை அடிக்கட்டைக்குத் தெற்கே ஒரு புன்னைமரம் நிற்கிறது. அதற்குக் குழி தோண்டியது வேறு ஆள், தண்ணீர் ஊற்றியது வேறு ஆள். ஆனால் ஏழு மரங்களில் அதைத் தேர்ந்தெடுத்தது நான். போன வருஷம் வரை, வருஷத்துக்கு ஒரு முறை நூல் போட்டு அதன் சுற்றளவை அளந்து வந்தேன். கடைசியாக அளந்தபோது இரண்டே கால் முழம். இந்த வருஷம் அளக்கவில்லை. ஏன் அளக்கவில்லை என்று சொல்ல வேண்டுமானால் இருபத்துமூன்று வருஷம் பின்னால் போக வேண்டும்.

அப்போது நான் நில அளவை அலுவலகத்தில் பரப்புக் கணக்குப் போடுகிறவன். அடுத்த மேஜையில் வரைபடம் வரைகிறவர் என் சிநேகிதர். என்னைவிட மூன்று வயது இளையவர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். நாங்கள் நாஞ்சில்நாட்டுக்காரர்கள். இரண்டு வீடும் வலியசாலையை ஒட்டிய ஒரே தெருவில், இடையில் நான்கு வாசல். ஞாயிற்றுக்கிழமை தோறும் இருவரும் தூண்டிலும் குடையுமாகக் காயலுக்கு நடப்போம். போக ஒன்பதாயிரத்து நானூறு தப்படி. அவர் வழியெல்லாம் பேசிக்கொண்டே வருவார். அதனால் இரண்டே தரம்தான் சரியாக எண்ண முடிந்தது.

இருவருக்கும் நீந்தத் தெரியாது. பெரிய வரால் கரையோரம் வராது. தாமரை இலைகளின் ஓரத்தில் கிடக்கும். அங்கே தூண்டில் எட்ட வேண்டுமானால் இடுப்பளவு நீரில் இறங்கி நிற்க வேண்டும். ஆகவே எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. நான் மூங்கில் கழியை ஊன்றி, ஒவ்வொரு தப்படியாக எண்ணிப் போய்த் திரும்பி வந்து, இத்தனை வரை போகலாம் என்று சொல்வேன். பிறகுதான் அவர் இறங்குவார். அடிக்கட்டைக்கு வடக்கே நாற்பது தப்படி வரை இடுப்புத் தண்ணீர். அதை நான் பதினாறு தரம் எண்ணியிருக்கிறேன். தெற்கே ஒரு தரம்கூட எண்ணியதில்லை.

ஒரு சனிக்கிழமை. பெரிய கூட்டல் ஒன்று எனக்கு மூன்று தரம் போட்டும் மூன்று விதமாக வந்துகொண்டிருந்தது. அவர் தன் மேஜையிலிருந்து எட்டிப் பார்த்துக் கேட்டார்.

"வே, அடிக்கட்டைக்குத் தெக்கால எப்படி? வரால் பூரா அந்தப் பக்கம் போயிட்டுன்னு வள்ளக்காரன் சொல்லுதான்."

"நாப்பது" என்றேன், தலையைத் தூக்காமல்.

"எண்ணினீரா?"

"எண்ணாம நான் எப்பவாவது சொல்லியிருக்கேனா? என் கூட்டலைக் கெடுக்காதேயும்."

"சரிவே, கணக்கு. கோபிக்காண்டாம்" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார். என்னை அவர் 'கணக்கு' என்றுதான் கூப்பிடுவார்.

மறுநாள் காலை எனக்கு ஜலதோஷம். விடிந்ததிலிருந்து பதினோரு தும்மல். வரவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டுச் சுக்குக் கஷாயம் குடித்துப் படுத்துக்கொண்டேன். பதினோரு தும்மலுக்காக ஒரு மனிதன் வீட்டில் இருந்துவிட்டான் என்பதை இப்போது எழுதும்போதும் கை கூசுகிறது. அவர் தனியாகப் போனார். மத்தியானம் காயலில் படகு ஓட்டுகிற வள்ளக்காரன் அவரைக் கரைக்குக் கொண்டு வந்தான். குடை கரையில் ஊன்றியபடி நின்றது. சட்டை மடித்து அதன் கீழே இருந்தது. தாமரைக் கொடி காலில் சுற்றிக்கொண்டது என்று ஊரில் சொன்னார்கள். நானும் எல்லாரோடும் தலையை ஆட்டினேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை தனியாகக் காயலுக்குப் போனேன். வள்ளக்காரனிடம், குடை நின்ற இடத்திலிருந்து நேராக உள்ளே நடக்கச் சொல்லிவிட்டுக் கரையில் நின்று எண்ணினேன். இருபத்திரண்டு வரை இடுப்புத் தண்ணீர். இருபத்துமூன்றில் அவன் தலை தெரியவில்லை. காயலிலேயே பிறந்து வளர்ந்தவன். உடனே மேலே வந்து, முகத்தை வழித்துக்கொண்டு சிரித்தான்.

"எசமானே, இது போன வேனலுக்கு வரம்பு கட்ட மண்ணு வெட்டின எடமாக்கும். நல்ல கயம். இஞ்ஞோட்டு யாரும் எறங்கமாட்டா."

வயல் வரப்புக்காகக் களிமண் வெட்டி எடுத்த பள்ளம். மழையில் நிரம்பிக் காயலோடு காயலாகக் கிடந்தது. காயல்காரர்களுக்குத் தெரியும். பட்டணத்திலிருந்து வந்த எங்களுக்குத்தான் தெரியாது. பதினெட்டுத் தப்படி கூட்டிச் சொல்லியிருக்கிறேன். இதை நான் யாரிடமும் பேசவில்லை.

வருஷம் திரும்பியபோது அவர் மனைவி சொல்லி அனுப்பினாள். போனேன். அவளுக்கு அப்போது முப்பது வயது. மடியில் இரண்டு வயதுக்கு மேற்பட்ட ஒரு பெண் குழந்தை. நாகர்கோவிலிலிருந்து அவள் அண்ணன் வந்திருந்தான். கல் நாட்டலாம் என்று அவன் சொல்லிக்கொண்டிருந்தான்.

"கல்லு வேண்டாம்" என்றாள். "காயலோரத்துல மருந்துக்கு நெழலு இல்லன்னு ஞாயித்துக்கிழமை தோறும் வந்து பொலம்புவாக. ஒரு மரம் வைக்கணும். அவுக குடை நின்ன எடத்துல. என்ன மரம்னு அண்ணாச்சி சொல்லுங்க. அண்ணாச்சி சொன்னா அவுகளுக்குச் சரின்னு இருக்கும்."

குடை நின்ற இடத்தில் நிழல். அந்த நிழலுக்கு நேராக இருபத்துமூன்றாவது தப்படியில் கயம். நிழல் இருந்தால் ஆட்கள் வருவார்கள். உட்கார்ந்தவர்கள் தண்ணீரிலும் இறங்குவார்கள். அந்த நிமிஷமே நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இரண்டு நாள் அவகாசம் கேட்டு, ஒரு தாளில் ஏழு மரங்களை எழுதிக் கொண்டு போனேன். நிழல் தர எத்தனை வருஷம், தண்ணீர் தேங்கினால் தாங்குமா, ஆடு கடிக்குமா என்று ஒவ்வொன்றுக்கும் எதிரே குறித்திருந்தேன்.

அவள் அண்ணன் அரசமரம் என்றான். "அரசு வச்சா அடுத்த மாசமே யாராவது ஒரு பிள்ளையாரைக் கொண்டு இருத்துவான். பொறவு அங்க மீன் பிடிக்க முடியுமா? அவுகளுக்கே பிடிக்காது" என்று அவளே தள்ளிவிட்டாள். பிறகு, "பூவரசு எத்தனை வருஷம் போட்டிருக்கிய?" என்று கேட்டாள்.

"நாலு. கம்பு வெட்டி நட்டாலே பிடிக்கும். ஆனா ஆடு விடாது" என்றேன்.

"புன்னை?"

"பன்னிரண்டு. ஆடு தொடாது. காத்துக்கும் தண்ணிக்கும் அசையாது. ரொம்ப காலம் நிக்கும்."

அவள் தாளை வாங்கிப் பார்த்தாள். அவளுக்கு வாசிக்கத் தெரியும். "பன்னிரண்டு வருஷமா" என்றாள். பிறகு, "அண்ணாச்சி எண்ணாம சொல்லமாட்டிய. புன்னையே இருக்கட்டும்" என்றாள்.

புன்னையைப் பற்றி நான் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. ஆனால் நான் அதைத் தேர்ந்தெடுத்தது அது மெதுவாக வளரும் என்பதற்காக. பன்னிரண்டு வருஷத்துக்கு அங்கே நிழல் விழாது. அதற்குள் பள்ளம் தூர்ந்துவிடும், அல்லது நான் போய்விடுவேன். இதுதான் என் கணக்கு.

விழிஞ்ஞத்துக்காரர் ஒருவர் எங்கள் அலுவலகத்தில் இருந்தார். அவர் வீட்டு முற்றத்துப் புன்னையடியில் முளைத்த மூன்று கன்றுகளைக் கொண்டுவந்து கொடுத்தார். பதினோரு இலை இருந்ததை எடுத்துக்கொண்டேன்.

நடுகிற அன்று மாட்டுவண்டியில் போனோம். வழி நெடுக வண்டிச் சத்தத்தில் எனக்குத் தலைவலி. அவளுக்கு அன்று என்னவோ பேச்சு வந்தது.

"அவுக எத்தனை ஞாயித்துக்கிழமை இங்க வந்தாக? அண்ணாச்சி எண்ணி வச்சிருப்பியளே."

"நூத்திப் பதினெட்டு."

"பெரிய மீன் எத்தனை?"

"முப்பத்தொண்ணு."

"வீட்டுக்கு வந்தது ஒம்பது" என்று சிரித்தாள். "பாக்கி எங்க போச்சு?"

மீதியை அவர் வள்ளக்காரன் வீட்டுக்குக் கொடுத்துவிடுவார். அந்த வீட்டில் உருப்படி எட்டு. அதைச் சொன்னேன். அவள் சிரிப்பு நின்றுபோய், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கரையில் வள்ளக்காரன் மண்வெட்டியோடு காத்திருந்தான். குடை நின்ற இடத்தை அவள் காட்டினாள். அவன் தண்ணீரைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். நான் கன்றின் இலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அம்மே, இவிடே வேண்டாம். நேரே முன்னால கயம் உண்டு. மரம் நின்னா கடவுன்னு நெனச்சு ஆளு எறங்கும்" என்றான்.

"கயமா? அவுக போனது அதுலயா? கொடி சுத்திக்கிட்டதுன்னுல்லா சொன்னாக."

"கொடி ஒண்ணும் இல்ல அம்மே. கயமாக்கும்."

அவள் என் பக்கம் திரும்பினாள். அந்த முகம் எனக்கு இன்றைக்கும் மறக்கவில்லை. கோபம் இல்லை, சந்தேகமும் இல்லை. தெரியாத ஒன்றைத் தெரிந்தவரிடம் கேட்கிற முகம்.

"அண்ணாச்சி, உங்கள்ட்ட கேக்காம அவுக தண்ணியில காலு வைக்கமாட்டாகளே. கேக்கலியா?"

பதில் சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் ஆயிற்று என்று தெரியாது. நான் எண்ணாமல் விட்டவற்றில் அதுவும் ஒன்று.

"கேக்கலை" என்றேன்.

அவள் அந்தக் குடை இருந்த இடத்தைப் பார்த்துச் சொன்னாள்: "பாத்தியளா. நாலு வீடு தள்ளி ஆளு இருக்காக. ஒரு வார்த்தை கேட்டா என்ன கொறஞ்சு போகும்? பச்சப்புள்ளைய மடியில வச்சுக்கிட்டு நான் நிக்கேன். எல்லாம் பிடிவாதம்."

மரத்தை அங்கேயே நட்டோம். இடத்தை மாற்ற அவள் சம்மதிக்கவில்லை. கயத்தின் ஓரத்தில் அடையாளத்துக்கு ஒரு மூங்கில் கழி நடச் சொன்னேன். ஒவ்வொரு மழைக்காலமும் கழி சாய்ந்துவிடும். ஒவ்வொரு வருஷமும் நானே நின்று புதுக் கழி போடச் செய்வேன். பள்ளம் நான் எதிர்பார்த்தபடி தூரவில்லை.

வருஷம் தோறும் அவர் திதி கழிந்த ஞாயிற்றுக்கிழமை அவள் அங்கே வருவாள். நானும் கூடப் போவேன். தூரில் தண்ணீர் ஊற்றிவிட்டு, மரத்தைப் பார்த்து அதே வார்த்தையைச் சொல்வாள். முதல் வருஷங்களில் அழுதுகொண்டு சொன்னாள். போகப் போக, வீட்டில் இருக்கிற மனுஷனைச் சலித்துக்கொள்வதுபோலச் சொன்னாள். "ஒரு வார்த்தை கேட்டியளா?" இருபத்தோரு தரம் நான் அதைப் பக்கத்தில் நின்று கேட்டேன். பதினொன்றாம் வருஷமே நிழல் விழுந்துவிட்டது; அதிலும் என் எண் தப்பு.

போன வருஷம் இருபத்திரண்டாவது தரம். மகள் தன் புருஷனை முதல் முறையாகக் காயலைக் காட்ட அழைத்து வந்திருந்தாள். அப்பாவின் முகம்கூட அவளுக்கு நினைவிருக்காது. மரத்தைக் காட்டி அவள் புருஷனிடம் சொன்னாள்: "எங்கப்பா யாருட்டயும் ஒண்ணும் கேக்கமாட்டாவளாம். அதுலதான் போனாவ."

என் ஒரு பொய் அவளுக்கு அப்பாவாகியிருந்தது. அவர்கள் இருவரும் வள்ளத்தைப் பார்க்க அப்பால் போனதும் அவள் அம்மாவிடம் சொன்னேன். உட்கார்ந்து சொல்ல முடியவில்லை. முழங்கால் வலியோடு நின்றே சொன்னேன்.

"தங்கச்சி, அவர் கேட்டார். சனிக்கிழமை ஆபீஸ்ல கேட்டார். நாப்பதுன்னு சொன்னேன். எண்ணினீரான்னும் கேட்டார். எண்ணினேன்னேன். எண்ணலை."

அவள் கையில் இருந்த செம்பில் பாதித் தண்ணீர் இருந்தது. அதைக் கீழே வைத்தாள். என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். அது எனக்கு வேண்டியும் இருந்தது.

"அவுக கேட்டாகளா" என்றாள். "இத்தனை வருஷமா அவுகளை ஏசிட்டேனே" என்றாள். பிறகு என்னைப் பார்க்காமலே, "அண்ணாச்சி கொஞ்சம் அங்கிட்டு நில்லுங்க" என்றாள்.

பதினெட்டுத் தப்படி தள்ளிப் போய் நின்றேன். அவள் மரத்தைப் பிடித்துக்கொண்டு என்னவோ பேசினாள். கேட்கவில்லை; கேட்க முயலவும் இல்லை. திரும்பும்போது வண்டியில் மகளும் மருமகனும் மட்டும் பேசிக்கொண்டு வந்தார்கள்.

இந்த வருஷம் திதி வந்தது, போயிற்று. எனக்குச் சொல்லி அனுப்பவில்லை. இடையில் அதே நான்கு வாசல். ஞாயிற்றுக்கிழமை காலை வண்டி நிற்கிற சத்தமும் கிளம்புகிற சத்தமும் கேட்டன. சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கழி மாற்ற வேண்டுமே, யார் பார்ப்பார்கள் என்பது ஒன்றே மனதைக் குடைந்தது.

நான்கு நாள் கழித்துச் சாலைக் கடைவீதியில் வள்ளக்காரனைப் பார்த்தேன். அவனுக்கும் தலை நரைத்துவிட்டது. அம்மா வந்தார்களா என்று கேட்டேன்.

"வந்நு எசமானே. எசமான் வரல்லியான்னு நான் கேட்டேன். ஒண்ணும் பறஞ்ஞில்ல. கழி மாத்தணும்னு மட்டும் சொன்னா."

"எங்கே போட்டாய்?"

"அம்மா கரையில நின்னு என்னை எண்ணிக்கிட்டே போகச் சொன்னா. ஒவ்வொண்ணா, அவங்களுக்குக் கேக்கத்தக்கதா உரக்கெ. எறங்கிப் போனேன்."

"எத்தனை வந்தது?"

"இருபத்திமூணு."

சரிதான் என்றேன். அவன் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு போனான்.