சமையலறையின் ஐந்தாவது பல்பு

நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. நடந்ததைத்தான் சொல்கிறேன். ரஷ்யாவின் பீட்டர்ஸ்பர்க்கில், வசீலியெவ்ஸ்கி தீவில், நான் குடியிருக்கும் வீட்டில் நடந்தது.

நான்கு குடும்பம், நான்கு அறை, பொதுவாக ஒரே சமையலறை. மின்கட்டணம் மட்டும் தனித்தனி. அதனால் சமையலறையில் ஆளுக்கொரு பல்பு. அதன் சுவிட்ச் அவரவர் அறைக்குள். அடுத்தவர் வெளிச்சத்தில் உருளைக்கிழங்கு உரித்தால் போதும், சண்டை நாறிவிடும். ஜன்னலோரம் ஐந்தாவதாக ஒரு பல்பு உண்டு. யாருடையதென்று தெரியாது. அது எரிந்து யாரும் பார்த்ததில்லை.

அந்த டிசம்பரில் மற்ற மூன்று குடும்பமும் புது வீடுகளுக்குப் போய்விட்டன. அரசாங்கத்தில் எனக்கும் ஊர்க்கோடியில் ஒன்று ஒதுக்கியிருந்தார்கள். கையெழுத்துப் போட மனம் வரவில்லை. அங்கே சண்டை போடக்கூட ஆள் இருக்காது. இங்கும் இல்லைதான். அருங்காட்சியக வாசலில் நாள் முழுக்க ஊரார் குளிர்க்கோட்டுகளை வாங்கி மாட்டி வைக்கும் வேலை முடிந்து வந்தால், வீட்டில் பேச ஒரு குரல் கிடையாது. அழுகையாக வரும்.

ஒரு புதன்கிழமை, எனக்கு வேலை இல்லாத நாள், மாலை நான்கு நாற்பது. வெளியே பனி, கும்மிருட்டு; டிசம்பரில் இங்கே நான்கு மணிக்கே இருட்டிவிடும். அடுப்பில் முட்டைக்கோஸ் சூப். 'டப்'பென்று என் பல்பு போயிற்று.

'டிக்...'

எங்கோ சுவிட்ச் சத்தம். ஜன்னலோரப் பல்பு எரிந்தது.

"யாரு?"

நடையின் இருட்டிலிருந்து ஒரு பெண் குரல்.

"என் வெளிச்சத்துல சமைச்சுக்கோங்க. பரவால்ல."

காலி செய்துபோன பக்கத்து அறை வெனியமின் யாரையோ வாடகைக்கு வைத்திருக்கிறான் என்று நினைத்தேன். இத்தனை வருடத்தில் யாரும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை. மனசு இளகிவிட்டது.

"நீங்களும் போயிடுவீங்களா?"

"இல்லம்மா. போக மாட்டேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

'டிக்...'

இருட்டு.

மறுநாள் மிச்சச் சாமான் எடுக்க வெனியமின் வந்தான். கேட்டேன்.

"நானா? ஆள் வெச்சேனா? தனியா இருந்து இருந்து உங்களுக்குக் கழண்டுபோச்சு, ரிம்மா பவ்லொவ்னா!"

சிரித்துக்கொண்டே அந்தப் பல்பின் ஒயரைப் பார்த்தபடி நடையில் நடந்தான். ஒயர் அவன் அறைக்குப் போகவில்லை.

என் அறைக்குள் போயிற்று.

என் அலமாரிக்குப் பின்னால். நான் குடிவரும் முன்பிருந்தே அங்கே நிற்கும் அலமாரி. இருவரும் தள்ளினோம். சுவரெல்லாம் ஒட்டடை. நடுவில் கறுப்பு சுவிட்ச். அதில் மட்டும் தூசி இல்லை... பளபளவென்று இருந்தது.

அவன் சிரிப்பு நின்றது. சமையலறைக்குப் போனாலும் நான் அறையைப் பூட்டிச் சாவியைக் கையோடு வைத்திருப்பவள். அது அவனுக்குத் தெரியும்.

"எங்கம்மா சொல்லுவாங்க..." சுவிட்சைப் பார்த்தபடி சொன்னான். "போர்ல ஜெர்மன்காரன் நம்ம ஊரை முற்றுகை போட்ட நேரத்துல எல்லாரும் ஊரை விட்டுப் போனப்போ, இந்த ரூம்ல ஒருத்தி மட்டும் இருந்தாளாம். போர் முடிஞ்சு வந்து பார்த்தா, உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருந்துச்சாம். உடைச்சுப் பார்த்தா... ரூம்ல யாருமே இல்லையாம்."

அவன் அலமாரியைத் திரும்பத் தள்ளப் போனான்.

"வேண்டாம், விடு."

"ஏன்?"

"அவளுக்குக் கை எட்டணும்ல."