ஒட்டுக்குக் கீழே ஒரு கிளை

எங்கள் வீட்டில் ரோஜா என் கணவரின் இலாகா. மயிலாப்பூரில் மாடவீதிகளுக்குப் பின்னால், லிஃப்ட் இல்லாத பழைய அடுக்குமாடிக் கட்டிடம் எங்களுடையது. இரண்டாவது மாடியில் குடியிருக்கிறோம், அதற்கு மேலே மொட்டைமாடி. ஆபீஸ் போன காலத்திலும் சரி, ரிட்டயரான பிறகும் சரி, சாயங்காலமானால் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு மேலே போய்விடுவார். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்தவள் நான். விடைத்தாள் திருத்தவே நேரம் போதவில்லை, ரோஜாவை யார் கேட்டார்கள்? பூத்தால் சுவாமிக்கு ஒன்று, எனக்கு ஒன்று என்று கொண்டுவந்து தருவார். வாங்கிக்கொள்வேன். எங்கள் இருவருக்கும் ரோஜா விஷயமாக இருந்த பேச்சுவார்த்தை அவ்வளவுதான்.

போன வருஷம் அவருக்கு பைபாஸ் ஆயிற்று. நல்லபடியாகத் தேறினார். மருந்து, பத்தியம், ஹாலுக்குள்ளேயே நடை எல்லாம் ஒழுங்காக நடந்தது. "இனிமே தாராளமா படி ஏறலாம்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். இவர் மட்டும் ஏறவில்லை. வாசற்கதவு வரை வருவார், மேலே போகும் படிகளைப் பார்ப்பார், திரும்பிப் போய் நாற்காலியில் உட்கார்ந்துகொள்வார். உட்கார்ந்ததும் உள்ளங்கை தானாக மார்புக்குப் போகும். தண்ணீர் மோட்டார் ஓடுகிறதா என்று சுவரில் காது வைத்துக் கேட்பவர் மாதிரி கொஞ்ச நேரம் அசையாமல் இருப்பார்.

"ஏன்னா, அப்படி என்னதான் பயம்?" என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"ஏறிண்டே இருக்கறச்சே பாதியில நின்னுடுத்துன்னா?" என்றார்.

  இந்த மனிதர் இனி நாற்காலியும் ஹாலுமாகவே காலத்தை ஓட்டிவிடுவாரோ என்று எனக்குக் கவலையாகிவிட்டது.

அப்போதுதான் ஒரு யோசனை தோன்றியது. மேலே ரோஜா பூத்துக் குலுங்கினால் பார்க்காமல் இருப்பாரா? அவருக்கு உயிரான கருஞ்சிவப்பு ரோஜா ஒன்று உண்டு. மூக்கருகே கொண்டுபோனால் ஏலக்காய் போலொரு வாசனை வரும். அதை ஒரு பூ பூக்க வைத்துவிட்டால் போதும், இந்த மனிதரை மேலே இழுத்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். பூவாளியைத் தூக்கிக்கொண்டு நான் ஏற ஆரம்பித்தது இப்படித்தான்.

ஏறிப் பார்த்தால் அங்கே ஒரு தனிக் குடித்தனமே நடந்திருக்கிறது! தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு பழைய பிஸ்கட் டின். திறந்தால் வெள்ளையாக, கொரகொரப்பாக ஏதோ தூள். பக்கத்தில், காணாமல் போய்விட்டது என்று நான் தலைமுழுகிய என் இஞ்சி இடிக்கும் கல்லுரல். தூளை விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தேன், மோந்து பார்த்தேன், ஒன்றும் விளங்கவில்லை. சாந்தோமிலிருந்து வந்து கீழ்வீட்டில் குடியிருக்கும் அம்மாள் துணி காயப்போட மாடிக்கு வந்தபோது அவரிடம் காட்டினேன். அவர் சிரித்துவிட்டார்.

"முட்டை ஓடு மேடம். சார் உங்ககிட்ட சொல்லலியா? ரொம்ப நாளா எங்க வீட்டுலதான் வாங்கிட்டுப் போறாரு. நான் கழுவிக் காய வெச்சுக் குடுப்பேன், அவரு இங்க உக்காந்து இடிப்பாரு. ரோஜாவுக்கு நல்லதாம்."

கேக் வாங்கினால்கூட முட்டை போட்டதா என்று மூன்று தரம் விசாரிக்கும் வீடு எங்களுடையது. அந்த வீட்டு மனிதர் என் உரலில் முட்டை ஓடு இடித்திருக்கிறார்! முதலில் கோபம் வந்தது. அப்புறம் சிரிப்பு வந்தது. இத்தனை வருஷம் கூட இருந்தும் எனக்குத் தெரியாமல் இன்னும் என்னவெல்லாம் செய்திருக்கிறாரோ என்று துருவிப் பார்க்கும் ஆசை அதற்கும் அப்புறம் வந்தது. அது வந்தபின் மாடிக்குப் போவது எனக்கு வேலையாகவே தெரியவில்லை. மொட்டுக்கு அடியில் எறும்பு ஏன் வருகிறது, சில முள் ஏன் சிவப்பாக இருக்கிறது, கொழுந்து இலை ஏன் செம்பு நிறத்தில் துளிர்க்கிறது என்று ஒவ்வொரு தொட்டியாகக் குனிந்து பார்த்துக்கொண்டே நிற்பேன்.

கருஞ்சிவப்புச் செடியில்தான் அதிசயம் நடந்தது. அடியிலிருந்து புதிதாக ஒரு கிளை கிளம்பியது. வெளிர்பச்சை நிறம், உடம்பெல்லாம் முள், என்ன வேகம்! நேற்று முழங்கால் உயரம் இருந்தது இன்று இடுப்புக்கு வந்துவிட்டதோ என்று தோன்றும். பழைய கிளைகள் நுனியிலிருந்து காய்ந்துகொண்டு வந்தன. பழசு போய்ப் புதுசு வருவதுதானே உலகம் என்று நான் கவலைப்படவில்லை. காபி ஃபில்டரில் மிஞ்சும் திப்பி, அரிசி களைந்த கழுநீர், டின்னில் இருந்த தூள் எல்லாம் அந்தக் கிளைக்கே போயிற்று. காற்றில் சாயாமல் இருக்க ஒரு குச்சி நட்டு, அவருடைய பழைய வேஷ்டியின் கரையைக் கிழித்துக் கட்டியும் வைத்தேன். தெருவில் வண்டியில் பூச்செடி விற்றுக்கொண்டு போனவரிடம் போனில் எடுத்த படத்தைக் காட்டினேன்.

"செடி சோக்கா கீதும்மா. உரம் போட்டுக்கினே இரு, தானா பூக்கும்" என்றார். அப்படியே என்னிடம் ஒரு பை எருவையும் விற்றுவிட்டார்.

பூ மட்டும் வந்தபாடில்லை. தினமும் சாயங்காலம் காபியோடு இவருக்குச் செய்தி வாசிப்பேன். கிளை இவ்வளவு வளர்ந்தது, இத்தனை இலை விட்டது என்பேன். "ம்" என்பார். படத்தைக் காட்டப் போனால், "போட்டோல பாத்து என்ன ஆகணும்?" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். நானும் விடவில்லை. உள்ளுக்குள் மட்டும், பூவும் வராது, இவரும் வரமாட்டார் என்ற எண்ணம் தட்டத் தொடங்கியிருந்தது.

அன்றைக்கு எனக்குச் சொல்வதற்கு வேறு செய்தி எதுவும் இல்லை. கணக்கு வாத்தியார் புத்தி எதைக் கண்டாலும் எண்ணும், அதனால் எண்ணியதைச் சொன்னேன்.

"சிவப்பு ரோஜால ஒரு வேடிக்கை தெரியுமோ? பழைய கிளையில எல்லாம் காம்புக்கு அஞ்சு இலை. புதுக் கிளையில பாத்தா ஏழு. தேடித் தேடி எண்ணிட்டேன், எல்லாமே ஏழு."

டம்ளரைக் கீழே வைத்தார். "என்ன சொன்னே?"

"ஏழுன்னேன்."

"அது எங்கேருந்து கிளம்பறது? ஒட்டுக்கு மேலயா, கீழயா?"

"ஒட்டுன்னா?"

அவர் என்னைப் பார்த்த பார்வையை எழுத்தில் கொண்டுவர முடியாது.

"அடித்தண்டுல முடிச்சு மாதிரி தடிப்பா இருக்குமே, அது!"

"அதுக்கும் கீழேதான். மண்ணுலேருந்தே வரது."

"அடிப்பாவி! ஏழு இலைன்னா அது காட்டு ரோஜா. அதுக்குன்னா சோறு போட்டு வளத்திருக்கே! நர்சரிக்காரன் காட்டுச் செடியோட வேர்லதான் நம்ம செடியை ஒட்டி வெச்சிருக்கான். அடியிலேருந்து காட்டுக் கிளையை விட்டா மேல இருக்கறதைச் சாகடிச்சுடும்டி!"

சொல்லிக்கொண்டே எழுந்து வாசலைத் தாண்டிப் போய்விட்டார். நான் அடுப்பை அணைத்துவிட்டு ஓடினேன். அதற்குள் படியில் பாதி ஏறியிருந்தார். "மெதுவா" என்று கத்த வாய் திறந்தேன். ஞாபகப்படுத்தினால் நின்றுவிடுவாரே என்று அப்படியே மூடிக்கொண்டேன். அவருக்கு ஒரு படி கீழே, இரண்டு கையையும் நீட்டியபடி ஏறினேன். அவர் சாய்ந்தால் என்னால் தாங்க முடியுமா என்று யோசிக்கவே இல்லை.

செடி முன்னால் குந்தி உட்கார்ந்தார். வேஷ்டிக் கரையைப் பார்த்து, "உபசாரம் வேற!" என்று பல்லைக் கடித்தார்.

"கத்தரி கொண்டு வரட்டுமா?"

"வெட்டினா மறுபடி கிளம்பும். அடியோட பிய்ச்சு எடுக்கணும்."

அவர் கையைத் தட்டிவிட்டு நானே பிடித்து இழுத்தேன். நெஞ்சுக்கு அழுத்தம் கொடுத்து அவர் எதையும் இழுக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். முள் கிழித்தது. மூன்றாம் இழுப்பில் கிளை பட்டையோடு பிய்ந்து வந்தது. அவர் காய்ந்துபோன பழைய கிளை ஒன்றின் அடியை நகத்தால் சுரண்டினார். உள்ளே பச்சை தெரிந்தது. அப்பாடா என்று தண்ணீர்த் தொட்டியின் மேடையில் சாய்ந்து உட்கார்ந்தார்.

எங்கே வந்திருக்கிறோம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது போலிருக்கிறது. முகம் மாறிற்று. சுற்றிப் பார்த்தார், படிக்கட்டின் பக்கம் பார்த்தார். உள்ளங்கை மார்புக்குப் போயிற்று. நான் கிளையைப் பிடித்தபடி மூச்சுவிடாமல் நின்றேன்.



"அடிச்சுண்டுதான் இருக்கு" என்றார்.

எனக்கு அழுகை பீறிட்டுக்கொண்டு வந்தது. கிளையைக் கீழே போட்டுவிட்டு, வெட்கம் பார்க்காமல் அங்கேயே நின்று அழுதேன்.

"செடி பொழைச்சுக்கும்டி" என்றார் அவர். "இதுக்குப் போய் யாராவது அழுவாளா?"