ஒரு விலாசத்துக்கு ஐந்து லீட்டர்

போன வாரம் நுவரெலியாவிலிருந்து கந்தப்பளைக்குப் போகும் பஸ்ஸில் ஒரு அம்மா, துணிப்பைக்குள் ஒரு போத்தலை மறைத்து வைத்துக்கொண்டு ஏறினார். இரண்டு வளைவு தாண்டுவதற்குள் பஸ் முழுக்க மண்ணெண்ணெய் வாசம். "யாரு எண்ணெ கொண்டாந்தது? எறக்கி விட்டுருவேன், சொல்லிட்டேன்" என்று கண்டக்டர் சத்தம் போட்டார். எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். நான் மட்டும் நன்றாக இழுத்து மூச்சு விட்டேன். பக்கத்தில் இருந்தவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பார்க்கட்டும். என் முதல் வேலை கிடைத்ததும் அந்த வாசத்தில்தான், போனதும் அதே வாசத்தில்தான்.

ஹட்டனுக்குக் கீழே, வட்டவளைப் பக்கம் இறங்கும் பாதையில் ஒரு சின்ன டவுன். பெயரைச் சொல்லவில்லை, அந்த முதலாளி இன்னும் நல்லபடியாக இருக்கிறார். அவருடைய பெட்ரோல் செட்டில் எனக்கு வேலை. பம்ப் அடிப்பது, புத்தகம் எழுதுவது இரண்டும் நான்தான். தேயிலைத் தோட்டத்தில் வரிசையாக ஒட்டிக் கட்டிய அறைகள்தான் எங்கள் லயம். அங்கிருந்து சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு வேலைக்குப் போன முதல் ஆள் என்ற மிதப்பு எனக்குக் கொஞ்சம் உண்டு. கொஞ்சமா? பையில் இரண்டு பேனா குத்திக்கொண்டு திரிந்தேன், ஒன்றில் மை கிடையாது. செட்டில் மூன்று மாதம் நின்றால் கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்லிவிடலாம்: பெட்ரோல் வாசம் சட்டென்று ஏறிப் போய்விடும், டீசல் சட்டையில் உட்கார்ந்துகொள்ளும். மண்ணெண்ணெய் இருக்கிறதே, அது கூடவே வீட்டுக்கு வந்து சோற்றிலும் மணக்கும்.

வட்டவளை மழை உங்களுக்குத் தெரிந்திருக்கும். அது பெய்தால் விறகு என்ன, விறகு வைத்த பரணே ஊறிப்போகும். அந்த ஈர விறகில் ஒரு மூடி மண்ணெண்ணெய் ஊற்றினால்தான் அடுப்பு பிடிக்கும். போத்தல் மூடிதான் அளவு, அதற்கு மேல் ஒரு சொட்டு விட்டாலும் அம்மாவிடம் திட்டு விழும். காலையில் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகிறவர்களின் ரொட்டியும் பாலில்லாத சாயத்தண்ணியும் அந்த ஒரு மூடியில் தொங்கிக்கொண்டிருந்தன. பிள்ளைகளின் தலைப் பேனுக்கும் அதுவே மருந்து. குளிக்கும்வரை அந்தப் பிள்ளைகள் பக்கத்தில் யாரும் போக மாட்டோம்.

பிறகு அந்த எண்ணெய்த் தட்டுப்பாடு வந்தது. நாட்டில் டொலர் இல்லை, கப்பல் கடலில் நிற்கிறது என்றார்கள். கடலையே பார்க்காத எங்கள் ஆட்கள்கூட "கப்பல் வந்துருச்சாம்ல?" என்றுதான் ஒருவரையொருவர் விசாரித்துக்கொண்டார்கள். டீசல் இல்லாமல் கொழுந்து லொறி நின்றது. பறித்த கொழுந்து சாக்கிலேயே வெந்து கறுத்தது. யாரோ எங்கோ செய்த கூத்துக்கு எங்கள் அடுப்பு ஏன் அணைய வேண்டும் என்று எனக்கு அன்றைக்கும் விளங்கவில்லை, இன்றைக்கும் விளங்கவில்லை.

மண்ணெண்ணெய் வரிசையில் ஆட்கள் நிற்கவில்லை, கேன்கள்தான் நின்றன. கைப்பிடிகளுக்குள் ஒரே கயிற்றைக் கோர்த்துக் கட்டிவிட்டு, பெண்கள் மலைக்குப் போய்விடுவார்கள். எண்ணெய் ஏற்றிய பவுசர் லொறி வந்துவிட்டது என்று தெரிந்தால் கூடையைப் போட்டுவிட்டு ஓடி வர வேண்டும். அப்படிப் பாதியில் வந்தால் அன்றைக்கு அரைப் பேர்தான், அதாவது பாதி நாள் சம்பளம். அதற்கும் துணிந்துதான் வந்தார்கள்.

முதலாளி ஒரு சட்டம் போட்டார். ஒரு விலாசத்துக்கு ஐந்து லீட்டர். அடையாள அட்டையில் உள்ள விலாசத்தைப் புத்தகத்தில் எழுதிக்கொண்டுதான் ஊற்ற வேண்டும். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. டவுன்காரர்களுக்கு வீட்டு இலக்கம் உண்டு, தெருப் பெயர் உண்டு. எங்கள் தோட்டத்து ஆட்களின் அட்டையில் என்ன இருக்கும்? வெள்ளைக்காரன் வைத்த தோட்டத்துப் பெயர் ஒன்று, டவுன் பெயர் ஒன்று. அவ்வளவுதான்.

அன்றைக்கு எங்கள் தோட்டத்திலிருந்து ஒரு நாற்பது பெண்கள் வந்திருந்தார்கள். முதலில் வந்த ஒரு அக்காவுக்கு எழுதி ஊற்றினேன். அடுத்து நின்றது பார்வதி சித்தி, லயத்தில் எங்களுக்குப் பக்கத்து அறை, காம்பரா என்போம். அட்டையை வாங்கினேன். பார்த்தேன். பிறகு என் வாயிலிருந்து வந்ததை நினைத்தால் இப்போதும் நாக்கைக் கடித்துக்கொள்கிறேன்.

"சித்தி, இந்த விலாசத்துக்குக் குடுத்தாச்சு."

"எந்த விலாசத்துக்குடா?"

"தோட்டத்துக்கு."

சித்தி கேனைக் கீழே வைத்தார். "ஏன்டா, தோட்டம் என்னா ஒரே வீடா? ஒங்கம்மா அடுப்பும் என் அடுப்பும் ஒண்ணாவா எரியுது? நீ எந்த விலாசத்துலடா பொறந்த?"

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: வேலை செய்கிறவன் என்பதால் வாரம் ஒரு போத்தல் எனக்குத் தனியாகக் கிடைத்துக்கொண்டிருந்தது. எங்கள் அடுப்பு எரிந்துகொண்டிருந்த தைரியத்தில்தான் அந்தப் பேச்சு. வெட்கமாக இருந்தது.

சித்தி பம்ப்புக்கு முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பின்னால் நின்ற அத்தனை பேரும் உட்கார்ந்தார்கள். பெட்ரோலுக்கு நின்ற வாகன வரிசை நகர வழியில்லாமல் ஹோர்ன் அடித்தது. முதலாளி உள்ளேயிருந்து வேகமாக வந்தார். நான் சொன்னேன்: "ஐயா, லயத்து நம்பரும் காம்பரா நம்பரும் சேத்து எழுதிட்டா தனித்தனி விலாசம் ஆயிரும்."

"கார்டுல இருக்கறத மட்டும் எழுது. வாயால சொல்ற நம்பரெல்லாம் இங்க செல்லாது."

"அவங்க வாயால சொல்லலங்க. நான் அங்கதான் இருக்கேன். எந்தக் காம்பராவுல யாருன்னு எனக்குத் தெரியும்."

"ஒனக்கு வேல வேணுமா, வேணாமா?"

வரிசையின் முன்னால் நின்ற திரீவீல்காரர் ஒரு சிங்கள அண்ணன். தலையை வெளியே நீட்டி, "தென்னகோ மல்லி" என்றார், கொடுத்துவிடு தம்பி என்று. அவருக்கு அவருடைய அவசரம். ஆனால் அந்தக் குரல் எனக்கு எங்கேயோ போய்த் தைத்தது. மை உள்ள பேனாவை எடுத்தேன். ஏழாம் லயம், மூன்றாம் காம்பரா, பார்வதி. எழுதிவிட்டு ஊற்றினேன். அடுத்த ஆள். அடுத்த காம்பரா. முதலாளி புத்தகத்தைப் பிடுங்க வந்தார். உட்கார்ந்திருந்தவர்கள் ஒரே நேரத்தில் எழுந்து நின்றார்கள், வேறொன்றும் செய்யவில்லை. அவர் கையை இழுத்துக்கொண்டார். நாற்பது விலாசம் எழுதினேன். கடைசி விலாசத்துக்கு முற்றுப்புள்ளி வைத்ததும், "பொஸ்தகத்த வச்சிட்டு வெளிய போ" என்றார். போனேன். அந்த ஏறுபாதையில் நான் அத்தனை நிமிர்ந்து நடந்ததே கிடையாது.

வீட்டில் சொன்னதும் அம்மா, "வேல போனா போவுது. நம்ம காம்பராவ எழுதுனியா?" என்று கேட்டார். எழுதவில்லை. மறந்தே போனேன். அந்த வாரம் ஏழாம் லயத்தில் புகைந்து இருமிய ஒரே அடுப்பு எங்களுடையது. இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு பார்வதி சித்தி அரைப் போத்தலோடு வந்து வாசலில் நின்றார். "எந்த விலாசத்துல எழுதிக்கிறதுங்க, கிளாக்கரய்யா?" என்று கேட்டுவிட்டு அவர் சிரித்த சிரிப்பு லயத்துக்கே கேட்டது.

இப்போது அந்த வரிசை இல்லை. கயிற்றில் கோர்த்த கேன்கள் இல்லை. எங்கள் வீட்டிலேயே காஸ் அடுப்பு வந்துவிட்டது. பார்வதி சித்தியும் போய்ச் சேர்ந்துவிட்டார். மரணத்தைப் பதிய நான்தான் போனேன். பதிகிற தம்பி, வசித்த இடம் என்ற கட்டத்தில் தோட்டத்துப் பெயரை மட்டும் எழுதிவிட்டு நிமிர்ந்தார்.

"லயம், காம்பரா நம்பரும் போடுங்க."

"அதெல்லாம் எழுதற வழக்கமில்லீங்க."

"வழக்கம் எனக்குத் தெரியும். நீங்க எழுதுங்க."

பின்னால் ஆட்கள் காத்து நின்றார்கள். நான் மேசையை விட்டு நகரவில்லை. கடைசியில் எழுதினார். சித்தி போன அடுத்த மழையில், மண் சரியும் என்று சொல்லி, எங்களை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டு ஏழாம் லயத்தை இடித்துப்போட்டார்கள். இப்போது அங்கே ஒரு சுவர்கூட இல்லை. இருந்தாலும், பார்வதி எங்கே இருந்தாள் என்று யாராவது கேட்டால் தோட்டத்தில் என்று நான் சொல்லப்போவதில்லை. ஏழாம் லயம், மூன்றாம் காம்பரா.