கழுதைக்கு அழுதவர்

என் கணவருக்கு மிருகங்கள் வரும் படம் என்றால் உயிர். மரக்காணம் உப்பளத்தில் ஆட்களை வேலை வாங்குகிறவர். அங்கே அவர் வாயைத் திறந்தாலே அதட்டல்தான். வீட்டு டிவியில் ஒரு யானைக்குட்டி தாயைத் தேடினால் போதும், கண் கலங்கிவிடும். கேட்டால், "பாத்தி கூச்சம்" என்பார். வெயிலில் உப்புப் பாத்தியின் வெள்ளையையே பார்த்து வேலை செய்கிறவர்களுக்குக் கண் கூசி நீர் வடிவது சகஜம். அதனால் எங்கள் பக்கம் யாரும் அதற்குமேல் கேட்கமாட்டார்கள்.

நான் பள்ளிக்கூட டீச்சர். பாட்டே இல்லாத, யாருமே சிரிக்காத, சப்டைட்டில் போட்ட படங்கள்தான் எனக்குப் பிடிக்கும் என்று ஸ்டாஃப் ரூமில் எல்லோருக்கும் தெரியும். தெரியும்படி நானே சொல்லி வைத்திருந்தேன்.

போன கிறிஸ்துமஸுக்கு மறுநாள் என் தம்பிகள் குடும்பத்தோடு சாப்பிட வந்திருந்தார்கள். பிரியாணி முடிந்து டிவி முன்னால் உட்கார்ந்தோம். வெள்ளத்தில் வீட்டைத் தொலைத்த ஒரு கிழட்டு நாயும் ஒரு கழுதையும் சேர்ந்து ஊர் திரும்புகிற படம். நாய் அக்கரையில் மாட்டிக்கொள்ள, கழுதை இக்கரையில் நின்று கத்தியது. இவர் கண்ணைத் துடைத்தார்.

"இன்னா மாமா, அழுவுறீங்களா?" என்றான் பெரிய தம்பி.

"அதெல்லாம் இல்லப்பா. பாத்தி கூச்சம்."

அவன் தலையாட்டிவிட்டு விட்டுவிட்டான். நான் விடவில்லை. என் வாய்க்கொழுப்பு அப்படி.

"ஏங்க, ரெண்டு மாசமா பாத்தியில மழைத்தண்ணி நிக்குது. உப்பே இல்ல, கூச்சம் எங்கேர்ந்து வந்துது? கழுதைக்கு அழுவுறேன்னு சொல்லுங்களேன்!"

வீடே சிரித்தது. அவரும் சிரித்து, "மாட்டிக்கினேன்" என்றார். ஏற்கெனவே கழுவிய கையை மறுபடி கழுவ எழுந்து போனார். படம் முடியும்வரை வரவில்லை.

அதற்குப் பிறகு மிருகம் வந்தாலே சேனலை நியூசுக்கு மாற்றிவிடுவார். "அதெல்லாம் சின்னப் பசங்க பாக்கறது" என்பார். இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று நினைத்தேன். மாதக்கணக்கில் ஆகியும் சரியாகவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர் சிரித்து, அழுது, பிஸ்கட் தின்றபடி பார்க்கும் அந்த இரண்டு மணி நேரத்தை நான்தான் பிடுங்கிக்கொண்டேன்.

இத்தனைக்கும் நான் யோக்கியமில்லை. சர்ச்சில் பூசை முடிந்து வந்து சமைக்கும்போது, செல்போனை மசாலா டப்பாக்களுக்கு நடுவே சாய்த்து, இயர்போன் மாட்டி, இந்திக் காதல் காமெடி பார்ப்பேன். கல்யாண வீடு, ஆள் மாறாட்டம், நூறு பேர் ஆடும் பாட்டு, ஒன்று விடமாட்டேன். யாராவது வந்தால் போனைக் கவிழ்த்துவிடுவேன். ஊருக்குத்தான் உபதேசம்.

போன வாரம் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பினால், வாசற்படியில் இவர். போனைக் கவிழ்த்தேன்.

"வை, ஓடட்டும். மணவறையிலேர்ந்து அந்தப் பொண்ணு எழுந்து ஓடுற சீன் வந்துடுச்சா?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நீ போன் வாங்குனதிலேர்ந்து தெரியும்."

அடுப்புச் சூட்டைவிட முகம் அதிகம் எரிந்தது. அவரைப் பார்த்து என் தம்பிகளை நான் சிரிக்க வைத்த அன்றும் அவருக்கு இது தெரிந்திருக்கிறது. ஒரு வார்த்தை போதும், மொத்த சிரிப்பும் என் பக்கம் திரும்பியிருக்கும். வெட்கத்தில் அவரைப் பார்க்க முடியாமல் கேட்டேன்.

"அன்னிக்கு ஏங்க சொல்லல?"

தண்ணீர்ச் செம்பை எடுத்துக்கொண்டு திரும்பியவர் சாதாரணமாகச் சொன்னார்.

"சொன்னா நீயும் பாக்கறத விட்டுடுவியே."