வால்நட்சத்திரத்துக்கு எண் போட்டோம்

புதிதாக ஒரு வால்நட்சத்திரத்தைக் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்று போனில் படித்ததிலிருந்து அம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. நான் அப்போது ஆறாம் வகுப்பு. மாடம்பாக்கத்தில் எங்கள் ஃபிளாட்டின் மொட்டை மாடியில், பொழுது சாய்ந்ததும் பைனாகுலரும் கையுமாகத் திருநீர்மலைப் பக்கம் பார்த்து நிற்போம். முதல் இரண்டு நாள் ஒரே மேகம். "என்ன, வால் அறுந்துபோச்சா?" என்று அப்பா கிண்டலடித்தார்.

மூன்றாம் நாள் தெரிந்தது. அடேயப்பா! எத்தனை ஆயிரம் வருடம் இருட்டிலேயே வந்ததோ, எங்கள் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே வாலை விரித்துக்கொண்டு நின்றது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அம்மா அழுதேவிட்டாள். இதற்கெல்லாமா அழுவார்கள் என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

அதன் பிறகு தினமும் அதன் வெளிச்சத்தைப் பக்கத்து நட்சத்திரங்களோடு ஒப்பிட்டு எண் போட்டோம். பரீட்சை ராங்க் மாதிரிதான், எண் ஏறினால் மங்குகிறது என்று அர்த்தம். ஒருவர் எழுதுவதை மற்றவர் பார்க்கக் கூடாது. அம்மா அதில் மகா கறார். "காப்பி அடிச்சே, அவ்ளோதான்!"

முதல் வாரம் இரண்டு எண்ணும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. பிறகு அம்மாவின் எண் மடமடவென்று ஏறியது. என் கண்ணுக்கோ அது கொஞ்சம்தான் மங்கியிருந்தது. "உனக்கு மட்டும் எப்படிடி இப்படி ஜொலிக்குது?" என்று கேட்டவளின் முகம் வாடிப்போனது. எனக்குப் பொறுக்கவில்லை. மறுநாள் அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து அதே எண்ணை எழுதிவிட்டேன்.

"இப்பதான் உனக்குக் கண்ணு பழகியிருக்கு!" என்று கட்டிக்கொண்டாள். பிறகு தினமும் அப்படியே செய்தேன். ஒருநாள், "போயிடுச்சுடி" என்று பைனாகுலரை உறையில் போட்டாள். எனக்கு அது நன்றாகவே தெரிந்துகொண்டிருந்தது. ஆனாலும் "ஆமாம்மா" என்றேன்.

இரண்டு வருடம் கழித்துத்தான் கண் டாக்டரிடம் போனோம். சுகர் ரொம்ப நாளாகவே அம்மாவின் விழித்திரையைக் கெடுத்திருக்கிறது, புகை மாதிரி மங்கலானவைதான் முதலில் தெரியாமல் போகும், முன்னாலேயே வந்திருக்கலாமே என்றார் அவர்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்பல்லாம் எனக்கு நல்லாதானேடி தெரிஞ்சுது? நீயும் அதே நம்பர்தானே போட்டே!"

அம்மாவோடு ஒத்துப்போவதுதான் பாசம் என்று பதினோரு வயதில் நினைத்திருந்தேன்.